கணவாய்க்கு வந்த சாலை

இமயத்தின் புகழ்பெற்ற நடைவழிகளில் ஒன்று ஜான்ஸ்கரில் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. நடந்து ரசித்தவர்களுக்கு வருத்தம். அங்கேயே வாழ்பவர்களுக்கு?

விடிவதற்குள் ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று குதிரைக்காரர் முந்தின இரவே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைந்துவிடும். அதனால் விடியற்காலையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை இடுப்பளவு ஆகி ஆளை இழுக்கும். காலணிகளைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் நெருப்பாகச் சுட்டது. அக்கரையில் பாதங்களைத் துடைக்கும்போது விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

அது 2007 ஆகஸ்ட். இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பகுதியில் உள்ள தார்ச்சாவிலிருந்து நடக்கத் தொடங்கி ஐந்தாம் நாள். எதிரே ஷிங்கோ லா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,090 மீட்டர் உயரம். 'லா' என்றால் திபெத்திய மொழியில் கணவாய். அதைத் தாண்டினால் லடாக்கின் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு. சில நாள் இறங்கி நடந்தால் அதன் முக்கிய ஊரான பதும். அங்கிருந்து மறுபடியும் வரிசையாகக் கணவாய்கள். கடைசியில் கார்கில்-லே நெடுஞ்சாலை ஓரத்தில் லாமாயுரு மடாலயம். ஆக மொத்தம் ஏறக்குறைய 20 நாள் நடை. மலைநடைப் பித்துப் பிடித்தவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இதற்காகவே வந்துகொண்டிருந்தார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் அதே கணவாயில் நான் ஒரு பொலேரோ வண்டியிலிருந்து இறங்கினேன். கேலாங்கில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு வந்திருந்தேன். அன்று மேலே நின்றவர்களில் பலர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. காலையில் மணாலியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள், இரவு பதுமில் அறை எடுத்திருந்தார்கள். நாங்கள் பத்து நாளில் கடந்ததை அவர்கள் ஒரு பகலில் கடக்கிறார்கள்.

எதிர்பார்த்தது போலவே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் நியாயமானதுதானா என்று யோசிக்க வைத்தவர், 2007இல் எங்களை அழைத்துப்போன அதே குதிரைக்காரர்.

ஜான்ஸ்கர் இமயத்தின் முதன்மைத் தொடருக்கும் ஜான்ஸ்கர் மலைத்தொடருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பள்ளத்தாக்கு. இரண்டு ஆறுகள் பதுமுக்கு அருகே கலந்து ஜான்ஸ்கர் ஆறாகி, செங்குத்தான பாறை இடுக்குகளில் புகுந்து வடக்கே ஓடி நிம்முவில் சிந்துவோடு சேர்கின்றன. உள்ளே போக வேண்டுமானால் ஏதாவது ஒரு கணவாயில் ஏறித்தான் ஆகவேண்டும். 1974இல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1980ஐ ஒட்டி கார்கிலிலிருந்து பென்சி லா வழியாகப் பதும்வரை ஒரு வண்டிப்பாதை வந்தது. ஆண்டில் பல மாதங்கள் அது பனியில் மூடிக்கிடக்கும். மற்றபடி எல்லாத் திசைகளிலும் குதிரைத் தடம்தான்.

எங்கள் குழுவில் மூன்று நண்பர்கள், ஒரு சமையல்காரர், குதிரைக்காரர், நான்கு குதிரைகள். குதிரைக்காரருக்கு ஊர் கணவாய்க்கு அப்பால் உள்ள கர்க்யாக். அப்போது நாற்பது வயதிருக்கும். லடாக்கில் மூத்தவரை 'அச்சோ', அதாவது அண்ணன் என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்கு 'லே' சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அவரை 'அச்சோ-லே' என்றோம். எத்தனை முறை வேண்டாமென்று சொன்னாலும் அவர் எங்களை 'சார்-ஜி' என்றே அழைத்தார். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, கூடாரங்கள் எல்லாம் குதிரைகளின் முதுகில். எங்கள் முதுகில் அவரவர் பை.

கணவாய்க்கு முந்தின முகாமில் நண்பர் ஒருவருக்குத் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ஏறிவிடலாம் என்று அவர் வீம்பு பிடித்தார். அச்சோ-லே அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்கே புல் நன்றாக இருக்கிறது, குதிரைகள் ஒருநாள் மேயட்டும்" என்றார். ஒருநாள் தங்கினோம். மறுநாள் தலைவலி போய்விட்டது. புல் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

மலை உயரத்தில் உடம்புக்கு நேர்வது இதுதான். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். கூடுதல் சிவப்பணுக்கள் உருவாகவோ வாரங்கள் ஆகும். அவசரப்பட்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. சுமைக்குதிரையோடு நடப்பவர் இந்த விதியை மீறுவது கடினம். குதிரையின் வேகமே அதற்குக் காவல்.

கணவாயின் உச்சியில் கல் குவியல், காற்றில் படபடக்கும் மந்திரக் கொடிகள். அச்சோ-லே தொப்பியைக் கழற்றி, "கி கி சோ சோ, ல்ஹா க்யாலோ!" என்று கத்தினார். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். கணவாய் ஏறியவர் எல்லோரும் இப்படிக் குரல் கொடுப்பது வழக்கம். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சொல் விட்டால் போதும், பின்னாலேயே போய்விடுவேன். 'லா' கணவாய், 'ல்ஹா' தெய்வம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மூச்சு வாங்கியதில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

இறங்கும் வழியில் கோன்போ ரங்ஜோன் நின்றது. சுற்றிலும் ஒட்டாமல் தனியாக எழுந்த ஒற்றைப் பாறைச் சிகரம். கோன்போ, காக்கும் தெய்வம். ரங்ஜோன், தானாகத் தோன்றியது. தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. 'சுயம்பு' என்று நாம் கோயில் கோயிலாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். அந்தச் சிகரத்தின் அடிவாரத்தில் ஒருநாள் முழுக்க நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அது வேறு முகம் காட்டியது. 2024இல் வண்டியிலிருந்து அதைப் பார்த்தது சில நிமிடங்கள்.

4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கர்க்யாக் கிராமத்தில் அச்சோ-லேயின் வீட்டில் தங்கினோம். அவருடைய தாயார் வெண்ணெய்த் தேநீரும், வறுத்த பார்லி மாவான சம்பாவும் கொடுத்தார். உப்புப் போட்ட தேநீர் முதல் வாயில் திகைக்க வைக்கும். மூன்றாவது கோப்பையில் அது இல்லாமல் நடக்க முடியாது என்றாகிவிடும். பிறகு பூர்னே. அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் மலைமுகட்டில் வாய்பிளந்த ஒரு குகையும், அதிலிருந்து வழிவது போல அடுக்கடுக்காகக் கட்டிய வெள்ளை அறைகளும் தெரிகின்றன. அதுதான் ஃபுக்தல் மடாலயம்.

இந்த மடாலயத்துக்கு 1825இல் ஒரு ஹங்கேரியர் வந்து சேர்ந்தார். பெயர் அலெக்சாண்டர் சோமா. ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சோமா தெ கோரோஸ் என்பார்கள். தன் இனத்தாரின் மூதாதையர் ஆசியாவில் எங்கோ இருக்கிறார்கள் என்று நம்பி ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, பெரும்பகுதி தூரம் நடந்தே வந்தவர். தேடிய மூதாதையர் கிடைக்கவில்லை. கிடைத்தது திபெத்திய மொழி. 1823-24இல் பதுமுக்கு வடக்கே ஜாங்லாவில் ஒரு சின்ன அறையில், குளிர்காலம் முழுவதும் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு ஒரு லாமாவிடம் பாடம் கேட்டார். பிறகு ஃபுக்தலில் தொடர்ந்தார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் அச்சாகின. 1842இல் லாசாவுக்குப் போகும் வழியில் டார்ஜீலிங்கில் காய்ச்சலில் இறந்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

மெதுவாக வந்தவருக்குத்தான் ஒரு தேசம் தன்னைத் திறந்து காட்டும் என்பதற்குச் சோமாவை உதாரணம் காட்டி, 2007இல் ஊர் திரும்பியதும் நான் நண்பர்களிடம் நீளமாகப் பேசியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

பதுமிலிருந்து இரண்டாம் கட்டம். பார்ஃபி லா, ஹனுமா லா, பிறகு லிங்ஷெட் கிராமம். எந்தப் பக்கம் போனாலும் நாட்கணக்கில் நடந்தால்தான் சாலையைப் பார்க்க முடியும் என்ற ஊர் அப்போது அது. அதற்கடுத்து இந்தப் பகுதியின் உயரமான சிங்கே லா, ஏறக்குறைய 5,000 மீட்டர். சிங்கே என்றால் சிங்கம். அச்சோ-லே பொருள் சொல்லும் முன்பே புரிந்த ஒரே ஜான்ஸ்கர்ச் சொல் எனக்கு இதுதான். இருபதாம் நாள் லாமாயுருவில் தார்ச்சாலையில் கால் வைத்தபோது, லாரி சத்தம் கேட்டு எங்கள் குதிரைகளில் ஒன்று மிரண்டது. நாங்களும்தான்.

இப்போது இந்த வழியின் பெரும்பகுதியில் சாலை. லிங்ஷெட்டுக்கு வண்டி போகிறது. சிங்கே லாவையும் வண்டியில் தாண்டலாம். நிம்முவிலிருந்து பதும் வழியாகத் தார்ச்சா வரை 298 கிலோமீட்டர் சாலையை இணைத்து முடித்துவிட்டதாக எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில் அறிவித்தது. மணாலி-லே நெடுஞ்சாலையில் பாரலாச்சா லா தொடங்கி வரிசையாகப் பல கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். புதிய சாலையில் ஷிங்கோ லா ஒன்றுதான். அரசு ஆவணங்களில் அதன் பெயர் ஷிங்கு லா. அதன் அடியில் 4.1 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கப்பாதை அமைக்க 2023 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 1,681 கோடி ரூபாய். 2024 ஜூலை 26 அன்று, கார்கில் போரின் 25ஆம் ஆண்டு நினைவு நாளில், பிரதமர் மோடி திராஸிலிருந்தபடி முதல் வெடியைத் தொடங்கிவைத்தார்.

திராஸைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. 1999இல் ஸ்ரீநகர்-லே நெடுஞ்சாலை பாகிஸ்தான் பீரங்கிகளின் குறிக்குள் இருந்தது. எல்லையிலிருந்து விலகி, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு சாலை லடாக்குக்கு வேண்டும் என்று ராணுவம் கருதுவதில் வியப்பில்லை. ரோத்தாங் கணவாயின் அடியில் செல்லும் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஷிங்கு லா சுரங்கம் முடிந்தால் மணாலியிலிருந்து பதும்வரை பனிக்காலத்திலும் போகலாம் என்பது கணக்கு.

ராணுவம் வந்தது, சாலை வந்தது, பாதை அழிந்தது என்று நடைக்காரர்கள் கதையை முடித்துக்கொள்வது வசதியாக இருக்கும். ஆனால் இந்தக் கணவாய்க்குச் சாலை போடத் துணிந்து இறங்கியவர்களில் முக்கியமானவர் ராணுவத்தைச் சேர்ந்தவரல்ல. எழுபது வயதைத் தாண்டிய ஒரு லாமா.

சுல்திம் சோன்ஜோர் ஜான்ஸ்கரின் ஸ்டோங்டே கிராமத்தைச் சேர்ந்தவர். ஊரில் எல்லோரும் மேமே சோன்ஜோர் என்பார்கள். மேமே என்றால் தாத்தா. அரசாங்கம் சாலை போடும் என்று காத்திருந்து அலுத்தவர், 2014 வாக்கில் தன் சொத்தை விற்று, மண் தோண்டும் இயந்திரம் வாங்கி, தானே வேலையை ஆரம்பித்தார். கணவாய்க்கு இந்தப் பக்கம் இமாசல எல்லையிலுள்ள ரம்ஜாக்கிலிருந்து அந்தப் பக்கம் கர்க்யாக் வரை 38 கிலோமீட்டர். நாங்கள் குதிரைகளைப் புல் மேயவிட்டுத் தங்கிய இடமும், தொப்பியைக் கழற்றிக் குரல் கொடுத்த இடமும், சுயம்புப் பாறையைச் சுற்றி நடந்த இடமும் அந்த 38 கிலோமீட்டருக்குள்தான் வருகின்றன. 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது.

நடையின் சுகத்துக்காக நாம் விமான டிக்கெட் எடுத்து வந்த இடத்தில், நடை வேண்டாம் என்பதற்காக ஒருவர் பிதுரார்ஜிதத்தை விற்றிருக்கிறார். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கர்க்யாக்கில் அச்சோ-லேயைத் தேடிப்போனேன். பழைய வீடுதான், ஒரு அறை கூடுதலாகக் கட்டியிருந்தார். அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம் ஆனது. "சார்-ஜி, தலைமுடி எல்லாம் எங்கே?" என்றார். குதிரைகளில் மூன்றை விற்றுவிட்டார். ஒன்று வயல் வேலைக்கு. மகன் பதுமுக்கும் மணாலிக்கும் வண்டி ஓட்டுகிறான். நான் வந்த பொலேரோ அவனுடையது என்பது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நஷ்டம் என்ன என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நடந்து வருகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ராத்தங்குவார்கள். கூடாரம் போட இடத்துக்குக் கொஞ்சம் பணம், முட்டைக்கு, உருளைக்கிழங்குக்கு, குதிரைத் தீவனத்துக்குக் கொஞ்சம் பணம் என்று வழிநெடுக எல்லா வீடுகளுக்கும் சிறிது போய்ச் சேரும். வண்டியில் வருகிறவர் கர்க்யாக்கில் ஐந்து நிமிடம் நிறுத்துவார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பணம் பதும் ஓட்டல்களில்தான் இறங்குகிறது. வண்டி வாங்கக் கடன் கிடைத்த வீடு மேலே போயிற்று. கிடைக்காத வீட்டில் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. "பாட்டில்களையும் பாக்கெட்டுகளையும் மட்டும் எல்லா ஊருக்கும் சமமாகப் போடுகிறார்கள்" என்று சிரித்தார்.

மேலே கணவாயில் நான் பார்த்ததையும் சொன்னேன். ஒரு வண்டி நிறைய இளைஞர்கள். கொடிகளுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் வாந்தி எடுத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கூட வந்தவர்கள் அவனைச் சற்று உட்காரச் சொல்லிவிட்டு இன்னும் சில படங்கள் எடுத்தார்கள். அச்சோ-லேயின் மகன்தான் போய் அதட்டி, பையனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நிற்காமல் கீழே இறங்கினான். உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆயிரம் மீட்டர் இறங்கியதும் பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். "அவன் செய்தது சரி. ஆனால் அந்தப் பையனை ஒருநாள் நிறுத்தி வைக்க என்னிடம் குதிரை இல்லையே" என்றார் அச்சோ-லே. 2007இல் புல்லைச் சாக்குச் சொன்னதை அவரும் மறக்கவில்லை.

வண்டியில் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். பதும் ஏறக்குறைய 3,650. நடுவே கணவாய் 5,000க்கும் மேல். முதல் இரவே பதுமில் படுப்பது உடம்பிடம் கடன் வாங்குவது போல. கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டுப் போவதில் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. கணவாயில் நீண்ட நேரம் நிற்கவும் கூடாது.

பேச்சு தாயாரிடம் வந்தது. அந்த வெண்ணெய்த் தேநீர்க் கிழவி இப்போது இல்லை. இறந்தது ஒரு பிப்ரவரியில், சாலை வருவதற்கு முன்பு. மூச்சுத் திணறல் என்று பதுமுக்குத் தூக்கிப்போகலாம் என்றால் பாதையில் மார்பளவு பனி. ஹெலிகாப்டர் வரும் என்றார்கள். மேகம் விலகினால்தானே வரும்? ஆறு நாள் பார்த்தார்கள். "கோடையாக இருந்தால் என் குதிரையிலேயே கொண்டுபோயிருப்பேன்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் எதுவும் பேசவில்லை. எனக்கும் கேட்க மனம் வரவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒரு சின்ன உண்மை உறைத்தது. நான் அறிந்த ஷிங்கோ லா ஆகஸ்ட் மாதத்து ஷிங்கோ லா. என்னைப்போல் நடந்து வந்த பெரும்பாலோரும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான் வந்தார்கள். பார்லி பச்சை, நீலவானம், கொடிகள். கர்க்யாக்காரர்கள் அறிந்த கணவாய் வேறு. அது ஆண்டில் பாதி நாள் சுவராக நிற்பது. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அந்தச் சுவரைத்தான் அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. ஸ்டோங்டே மடத்துப் பிக்குகள் சிறு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக ஜான்ஸ்கரிலிருந்து மலை தாண்டி அழைத்துப்போன பயணம், 2010இல் 'ஜர்னி ஃப்ரம் ஜான்ஸ்கர்' என்ற ஆவணப்படமாக வந்தது. பனிக்காலத்தில் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின்மேல் நடந்து வெளியே போகும் 'சதர்' வழியும் இப்படித்தான். சுற்றுலாக்காரர்களுக்கு அது சாகசம். ஊர்க்காரர்களுக்கு வேறு வழியில்லாத வழி.

2014 டிசம்பர் 31 அன்று ஃபுக்தலுக்கு அருகே மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. வண்டி போக முடியாத இடம். பின்னால் ஏரி வளர்ந்துகொண்டே போனதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிகால் வெட்டும் முயற்சி நடந்தது. 2015 மே 7 அன்று அணை உடைந்து, கீழே இருந்த பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. ஃபுக்தல் மடத்துப் பள்ளியும் சேதமடைந்தது. 'தீண்டப்படாத பள்ளத்தாக்கு' என்று பயணக் கட்டுரைகளில் நாம் எழுதும்போது, அந்தச் சொல்லின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று யோசித்ததில்லை. நானும் எழுதியிருக்கிறேன்.

அதற்காக, போனது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரம் நடந்து ஒரு நாட்டுக்குள் நுழைவது என்பது ஒரு கல்வி. அது குறைகிறது. மலையை வெட்டிப் போட்ட சாலையால் சரிவுகள் புண்ணாகிக் கிடக்கின்றன. குப்பைக்கு இன்னும் வழி காணவில்லை. ஜான்ஸ்கரைத் தனி மாவட்டமாக்கப்போவதாக 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. சாலையின் பயன் பதும் கடைவீதியோடு நின்றுவிடாமல் கர்க்யாக், பூர்னே போன்ற ஊர்களுக்கும் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்வது அந்த நிர்வாகத்துக்கு முதல் வேலையாக இருக்கும்.

நடக்க விரும்புகிறவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. ஃபிர்ட்சே லா, உமாசி லா போன்ற கணவாய்களுக்குப் பழைய தடங்கள் இருக்கின்றன. ஃபுக்தலுக்கு 2024இலும் கடைசித் தொலைவை நடந்துதான் போனேன். அச்சோ-லே கூட வந்தார். பழைய வேகம் இல்லை. எனக்கும் இல்லை. அறுபதை நெருங்கும் அவர் முன்னால் போய் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக நின்றார். நின்றதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார். காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது, அதோ மலையாடு தெரிகிறது பாருங்கள் சார்-ஜி, இந்த இடத்தில் காற்று நன்றாக இருக்கிறது.

விடைபெறும்போது மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அடுத்த ஆகஸ்ட் என்றேன் வழக்கம்போல. தலையை ஆட்டி மறுத்தார். "ஆகஸ்டில் எல்லோரும் வருகிறார்கள். சுரங்கம் திறக்கட்டும். பிப்ரவரியில் வாருங்கள். எங்கள் ஊரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை."